காகம் கரைந்தால் விருந்தாளி வருவாரா?

வீட்டுக் கூரையில் காகம் விடாமல் கரைகிறது. “யாரோ விருந்தாளி வருகிறார்கள், இன்னும் ஒரு பிடி அரிசி கூடப் போடு” என்கிறார் பாட்டி. நள்ளிரவில் வேப்பமரத்து ஆந்தை அலறுகிறது. “எந்த வீட்டில் என்ன நடக்கப் போகிறதோ!” என்று தெருவே கவலைப்படுகிறது. வெளியூர் புறப்பட்டவர் வழியில் செம்போத்தைக் கண்டால் மகிழ்கிறார். கோயில் குடமுழுக்கின்போது வானில் கருடன் வட்டமிட்டால் கூடியிருப்போர் எல்லாரும் கைகூப்புகின்றனர். இவற்றையெல்லாம் நீங்கள் பார்த்தும் கேட்டும் இருப்பீர்கள்.

காகம் கரைந்ததற்காக ஒரு பிடி அரிசி கூடப் போடுவதால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் எல்லாச் சகுனங்களும் அவ்வளவோடு நின்றுவிடுவதில்லை. ஆந்தை அலறியதைக் கேட்டு நோயாளியின் வீட்டார் மனம் தளர்ந்து போவதுண்டு. சகுனம் சரியில்லை என்று மருத்துவமனைக்குப் புறப்படுவதைத் தள்ளிப்போடுவோரும் உண்டு. “சாவைச் சொல்லும் பறவை” என்ற பெயரால் கல்லடி பட்டுச் சாகும் ஆந்தைகளும் உண்டு. ஆகவே, பறவைகள் வருவதை முன்கூட்டி அறிவிக்கின்றனவா என்ற கேள்வி பொழுதுபோக்குக் கேள்வி அன்று.

“இதெல்லாம் மூடநம்பிக்கை” என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது அறிவியல் முறை ஆகாது. ஒரு கருத்தைச் சோதிக்காமல் ஏற்பது எவ்வளவு தவறோ, சோதிக்காமல் தள்ளுவதும் அவ்வளவு தவறு. எனவே சோதிக்கும் முறை எது என்று முதலில் காண்போம். அதன்பின் சில பறவைகளை அந்த முறையால் சோதித்துப் பார்ப்போம்.

புள் என்றால் பறவை. புள் என்றால் சகுனம்

பறவையைக் கொண்டு பலன் அறியும் வழக்கம் மிகப் பழையது. பழந்தமிழில் “புள்” என்னும் சொல் பறவையையும் குறித்தது, சகுனத்தையும் குறித்தது. காகம் கரைவது விருந்தினர் வருகையை அறிவிக்கும் என்ற நம்பிக்கை குறுந்தொகையின் 210ஆம் பாடலிலேயே இருக்கிறது. அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் “காக்கைபாடினியார்” என்ற அடைமொழி அந்தப் பாடலால்தான் வந்தது என்பர்.

கிரேக்க மொழியிலும் இதே நிலைதான். பறவையைக் குறிக்கும் “ஆர்னிஸ்” என்ற சொல்லே அங்கும் சகுனத்தைக் குறித்தது. ரோமானியர் இன்னும் ஒரு படி மேலே போயினர். பறவைகளைக் கவனித்துப் பலன் சொல்வதற்கென்றே அரசாங்கத்தில் ஒரு குழுவை வைத்திருந்தனர். போர் தொடுப்பது, தேர்தல் நடத்துவது போன்ற பெரிய காரியங்களுக்கு முன்பு பறவைகளின் குறிப்பைக் கேட்பது அவர்கள் வழக்கம். மங்களகரமானதைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் “ஆஸ்பிஷஸ்” என்ற சொல், பறவையைப் பார்த்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே.

ஆனால் இந்த நாடுகளின் சகுன நூல்களை ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை தெரிகிறது. கிரேக்கர்களுக்கு வலப்பக்கம் தோன்றும் பறவை நல்ல சகுனம். ரோமானியர்களுக்கோ இடப்பக்கம் பெரும்பாலும் நல்லது. நம்மிடையே ஆந்தை சாவை அறிவிப்பது. வங்காளத்திலும் வடநாட்டிலும் அதே ஆந்தை திருமகளின் வாகனம். பழைய ஏதென்ஸ் நகரில் அது அறிவுத் தெய்வத்தின் பறவை, அந்நகர நாணயங்களிலும் அதன் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரு வெப்பமானி மதுரையில் ஒன்றும் கல்கத்தாவில் அதற்கு நேர்மாறாக வேறொன்றும் காட்டினால் அதை நாம் நம்புவோமா? பறவை ஒன்றே, அதற்கு ஏற்றப்படும் பொருள்தான் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. எனவே அப்பொருளின் பெரும்பகுதி பறவையிடம் இல்லை, பார்க்கும் மனிதரிடம் இருக்கிறது என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. ஐயம் மட்டும் போதாது. சோதனை வேண்டும்.

நான்கு கட்டங்கள்

காகத்தின் வழக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டை 100 நாள்கள் கவனிக்கிறோம். காகம் நம்மூரில் எங்கும் இருக்கும் பறவையாதலால் 80 நாள்கள் அது வீட்டருகே கரைந்தது. 20 நாள்கள் கரையவில்லை. அந்த 100 நாள்களில் விருந்தாளி வந்தது 10 நாள்கள். அந்தப் பத்தில் 8 நாள்கள் காகம் கரைந்த நாள்கள்.

பாட்டி என்ன சொல்வார்? “பத்து முறை விருந்து வந்தது, அதில் எட்டு முறை காகம் முன்னாலேயே சொல்லிவிட்டது!” கேட்பதற்கு வலுவான சான்று போலத்தான் தோன்றுகிறது. இப்போது எல்லா நாள்களையும் நான்கு கட்டங்களில் இட்டுப் பாருங்கள்.

காகம் கரைந்தது, விருந்தாளி வந்தார்: 8 நாள்கள்.
காகம் கரைந்தது, விருந்தாளி வரவில்லை: 72 நாள்கள்.
காகம் கரையவில்லை, விருந்தாளி வந்தார்: 2 நாள்கள்.
காகம் கரையவில்லை, விருந்தாளி வரவில்லை: 18 நாள்கள்.

காகம் கரைந்த 80 நாள்களில் விருந்தாளி வந்தது 8 நாள்கள். அதாவது 10 சதவீதம். காகம் கரையாத 20 நாள்களில் விருந்தாளி வந்தது 2 நாள்கள். அதுவும் 10 சதவீதம்தான். கரைந்தாலும் கரையாவிட்டாலும் விருந்தாளி வருவதற்கான நிகழ்தகவு மாறவே இல்லை. இந்த எண்கள் உண்மையாயின், காகத்துக்கும் விருந்தாளிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆயினும் பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன “பத்தில் எட்டு” சரியான எண்ணே. அவர் எண்ணியது முதல் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் மட்டும், அவ்வளவுதான். மிகப் பெரிய கட்டமான இரண்டாவது கட்டம், காகம் கரைந்தும் யாரும் வராத அந்த 72 நாள்கள், யார் நினைவிலும் தங்குவதில்லை. ஒன்றும் நடக்காத நாளை யார் நினைவில் வைப்பார்கள்?

எண்களை மாற்றிப் போட்டால் விடையும் மாறும். காகம் கரைந்த நாள்களில் 20 சதவீதம், கரையாத நாள்களில் 5 சதவீதம் என்று வந்தால் அங்கே ஏதோ தொடர்பு இருக்கிறது என்று கருத வேண்டும். அப்போதும் காகத்துக்கு எதிர்காலம் தெரியும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விருந்தாளி வருவது முன்பே தெரிந்த நாளில் அடுப்படி வேலை அதிகாலையில் தொடங்கிவிடும். கொல்லையில் மீன் கழுவுவார்கள். இலை, தோல், எச்சம் வெளியே விழும். காகம் கூர்மையான அறிவுள்ள பறவை. உணவு கண்ட காகம் கரையும். மற்ற காகங்களும் வந்து சேரும். இங்கே காகம் அறிந்தது அடுப்படியை; வழியில் வரும் விருந்தாளியை அன்று.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. முதலாவது: நான்கு கட்டங்களையும் எண்ணினோமா? இரண்டாவது: அந்தச் செய்தி பறவையை எட்டுவதற்கு வழி ஏது? செய்தி என்பது தானாகப் பரவும் பொருள் அன்று. ஒளி, ஒலி, மணம், வெப்பம், காற்றழுத்தம் என ஏதேனும் ஒன்று அதைச் சுமந்து வர வேண்டும். மதுரையில் பேருந்து ஏறிய மாமா திருச்சியில் உள்ள காகத்துக்கு எந்த அலையின் மூலம் தம் வரவைத் தெரிவிக்க முடியும்?

மூழ்கியவர்களின் படங்கள் எங்கே?

இரண்டாம் கட்டத்தை மறந்துவிடும் இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. ரோமாபுரியின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ, 2000 ஆண்டுகளுக்கு முன்பே இதை எடுத்துக்காட்டினார். அவர் கூறும் ஒரு நிகழ்ச்சி: டயாகரஸ் என்ற கிரேக்க நாத்திகரிடம் ஒருவர், கோயிலில் மாட்டியிருந்த படங்களைக் காட்டினார். கடலில் புயலில் சிக்கி, கடவுளுக்கு நேர்ந்துகொண்டு, உயிர் பிழைத்தவர்கள் வைத்த படங்கள் அவை. “இதைப் பார்த்தும் நம்ப மாட்டீரா?” என்று அவர் கேட்டாராம். அதற்கு டயாகரஸ், நேர்ந்துகொண்டும் மூழ்கிப் போனவர்களுடைய படங்கள் எங்கே என்று திருப்பிக் கேட்டாராம். மூழ்கியவர்கள் படம் மாட்ட வர மாட்டார்கள். காலியாகக் கிடக்கும் கட்டத்தைப் பார்க்கச் சொன்ன அக்கேள்வி இன்றைய புள்ளியியலின் முதற்பாடம் ஆகும். இதைச் சொன்ன சிசரோ, பறவைக் குறிப்புப் பார்க்கும் அரசாங்கக் குழுவில் தாமே உறுப்பினராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ரோமானியர் அடிக்கடி சொல்லிவந்த கதை இன்னொன்று. கி.மு. 249இல் சிசிலித் தீவின் டிரெபானா துறைமுகத்தருகே கார்த்தேஜ் நாட்டுக் கடற்படையைத் தாக்கப் புறப்பட்டார் புப்ளியஸ் கிளாடியஸ் புல்கர் என்ற தளபதி. சகுனத்துக்காகக் கப்பலில் வைத்திருந்த கோழிகள் இரை தின்ன மறுத்தன. அது கெட்ட சகுனம். சினமுற்ற தளபதி, தின்னாதவை தண்ணீராவது குடிக்கட்டும் என்று அவற்றைக் கடலில் எறியச் செய்தாராம். போரில் ரோமானியர் 93 கப்பல்களை இழந்தனர். கோழிகள் சொன்னது பலித்துவிட்டது என்று நாடு நம்பியது. ஆனால் வரலாற்றாசிரியர் பாலிபியஸ் தரும் விவரம் வேறு. துறைமுக வாயிலில் நுழைந்த கப்பல்கள் திரும்பும்போது ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பிறகு கரைக்கும் பகைவருக்கும் இடையே நகர இடமின்றி அகப்பட்டன. தோல்விக்கு இதுவே போதும். கோழிகள் வயிறார இரை தின்ற பின்பும் தோற்ற போர்களைப் பற்றி யாரும் கதை கட்டுவதில்லை.

ஆந்தையின் வழக்கு

இப்போது ஆந்தையைப் பார்ப்போம். நம்மூர்களில் மரப்பொந்துகளில் வாழும் புள்ளி ஆந்தை, இரவில் தன் துணையை அழைக்கவும், தன் எல்லையை மற்ற ஆந்தைகளுக்கு அறிவிக்கவும் கரகரத்த குரலில் கத்துகிறது. ஆண்டு முழுவதும் அது கத்தத்தான் செய்கிறது. நாம்தான் தூங்கிவிடுகிறோம்.

கடும் நோயாளி உள்ள வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே இரவு முழுவதும் விளக்கு எரியும். விளக்கைத் தேடி ஈசலும் வண்டும் விட்டிலும் வரும். புள்ளி ஆந்தை விளக்கடியில் மொய்க்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பழக்கமுடையது; தெருவிளக்குக் கம்பங்களின் அருகே இதை நீங்களே காணலாம். மேலும், அந்த வீட்டார் விழித்திருப்பார்கள். கவலையோடு காதைத் தீட்டிக்கொண்டும் இருப்பார்கள். ஆந்தை அங்கே வரவும் காரணம் உண்டு. அதன் குரல் செவியில் விழவும் காரணம் உண்டு. நோயாளி பிழைத்துவிட்டால் ஆந்தை மறக்கப்படும். இறந்துவிட்டால் “அன்றே அலறியது” என்று ஊர் சொல்லும். இவ்விளக்கம் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் இதையும் நான்கு கட்டங்களில் எண்ணிப் பார்த்த பிறகே உறுதியாகச் சொல்ல வேண்டும். அறிவியலில் நமக்குப் பிடித்த விளக்கத்துக்கும் சலுகை கிடையாது.

ஆந்தையின் உண்மையான ஆற்றல் சகுனத்தைவிட வியப்பானது. கூகை என்னும் வெண்முக ஆந்தை, துளி வெளிச்சமும் இல்லாத அறையில் ஒலியை மட்டும் கொண்டு எலியைப் பிடித்துவிடும் என்று அமெரிக்க அறிஞர் ரோஜர் பேய்ன் சோதனை செய்து காட்டினார். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு செவியைச் சற்று முன்னும் மறு செவியைச் சற்றுப் பின்னும் அடைகிறது. இரு செவிகளுக்கும் இடைத்தொலைவு சுமார் 5 செ.மீ. என்று கொள்வோம். ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். 0.05ஐ 340ஆல் வகுத்தால் 0.00015 வினாடி கிடைக்கும். இந்த அற்பக் கால வேறுபாட்டைக் கொண்டே அது ஒலி வரும் திசையை அறிகிறது. அதன் செவிகளில் ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழும் அமைந்திருப்பதால், ஒலி மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்பதும் அதற்குத் தெரியும்.

இவ்வளவு திறமையும் எலி பிடிக்கவே பயன்படுகிறது. தஞ்சை வட்டார உழவர்கள் நெல்வயலில் ஆந்தை வந்து அமர்வதற்கென்றே குச்சிகளை நட்டுவைக்கிறார்கள். மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கூட்டுப்பெட்டிகள் வைத்து எலிகளைக் கட்டுப்படுத்துகிறார்கள். இத்தகைய பறவை, மாந்திரீகச் சடங்குகளுக்காக வடநாட்டில் பிடிக்கப்பட்டு விற்கப்படுவதை 2010ஆம் ஆண்டு டிராஃபிக் இந்தியா அமைப்பின் அறிக்கை வெளிப்படுத்தியது. தீபாவளியை ஒட்டி இது மிகுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும்.

கருடன் வட்டமிடுவது ஏன்?

குடமுழுக்கின்போது கருடன் வருவதும் இயற்பியல் மாணவர்கள் சிந்திக்கத்தக்க காட்சியே. கருடன் எனப்படும் செம்பருந்து குளம், ஏரி, ஆறு, கடற்கரை ஆகியவற்றை ஒட்டி வாழ்வது. நம் கோயில்கள் பலவும் குளத்தோடும் ஆற்றோடும் சேர்ந்தவை. காலை ஏறஏற வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகி, விரிந்து, அடர்த்தி குறைந்து மேலே எழுகிறது. இந்த வெப்பக்காற்றுத் தூண்தான் பருந்துக்கு ஏணி. அதன் எல்லையைவிட்டு வெளியேறாமல் இருக்க, பறவை வட்டமிட்டே ஏற வேண்டும். சிறகை அடிக்கும் உழைப்பு மிச்சமாகிறது. கீழே இரையும் தெரிகிறது.

குடமுழுக்கு பெரும்பாலும் காலை நேரத்தில் நடப்பது. அப்போது ஆயிரக்கணக்கான கண்கள் ஒரே வேளையில் வானத்தை நோக்குகின்றன. முந்தைய நாளும் மறுநாளும் அதே வானில் அதே பருந்து வட்டமிட்டிருக்கக் கூடும். அன்று அண்ணாந்து பார்க்க ஆள் இல்லை. பக்தர்களின் மகிழ்ச்சியை நாம் குறை கூற வேண்டியதில்லை. “கருடன் வந்தது” என்பதோடு “மற்ற நாள்களிலும் வருகிறதா?” என்று கேட்பது மட்டுமே மாணவர் கடமை.

புறாவும் சகுனம் பார்க்குமா?

மனித மனம் ஏன் இப்படித் தொடர்பு காண விரைகிறது? இதற்கு விடை தேடும்போது, பறவைகளே நமக்கு உதவுகின்றன. அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் 1948இல் ஒரு சோதனையை வெளியிட்டார். பசித்த புறாக்களைத் தனித்தனிப் பெட்டிகளில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் இரை கிடைக்குமாறு செய்தார். எட்டுப் புறாக்களில் ஆறு, தத்தமக்கென ஒரு “சடங்கை”ப் பழகிக்கொண்டன. ஒன்று பெட்டிக்குள் சுற்றிச்சுற்றி வந்தது. இன்னொன்று ஒரு மூலையை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. தற்செயலாகத் தாம் செய்ததை அடுத்து இரை வந்ததால், அதையே திரும்பத் திரும்பச் செய்தன என்று ஸ்கின்னர் கருதினார். இரையை எதிர்பார்க்கும் புறாவின் இயல்பான அசைவுகளே அவை என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் சிலர் மறுத்தனர். விவாதம் எப்படியாயினும், ஒன்றையடுத்து ஒன்று நடந்தாலே முன்னது பின்னதற்குக் காரணம் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியது என்பதில் ஐயமில்லை. புல் அசைந்ததும் புலி என்று ஓடியவர்கள் பிழைத்தார்கள். வீணாக ஓடினாலும் பெரிய நட்டமில்லை. அவர்கள் வழிவந்தவர்கள்தாமே நாம்!

உண்மை சொல்லும் பறவைகள்

அப்படியானால் பறவைகள் நமக்கு எதையுமே சொல்வதில்லையா? சொல்கின்றன. நாம் வகுத்துக்கொண்ட இரு கேள்விகளையும் கடந்து வென்ற பறவைகள் உண்டு.

ஆப்பிரிக்காவில் தேன்காட்டி என்றொரு சிறு பறவை இருக்கிறது. அது மனிதர்முன் வந்து கத்தி, மரத்துக்கு மரம் தாவி, தேன்கூடு இருக்குமிடத்துக்கு அழைத்துச் செல்லும் என்றும், அது பறக்கும் விதத்தைக் கொண்டு கூட்டின் திசையையும் தொலைவையும் அறியலாம் என்றும் கென்யா நாட்டுப் போரான் மக்கள் கூறிவந்தனர். கேட்பவர்களுக்கு இது கட்டுக்கதை போலிருந்தது. ஐசாக், ரேயர் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்றாண்டுகள் உடன் சென்று அளந்து, 1989இல் முடிவை வெளியிட்டனர். பறவையின் துணையின்றித் தேன்கூடு கண்டுபிடிக்கச் சராசரியாக 8.9 மணி நேரம் ஆயிற்று. பறவை வழிகாட்டியபோது 3.2 மணி நேரமே ஆயிற்று. திசை, தொலைவு பற்றி அம்மக்கள் சொன்னவையும் சரியாக இருந்தன. மனிதன் கூட்டை உடைத்துத் தேனை எடுத்தால், மிஞ்சும் மெழுகும் புழுக்களும் பறவைக்கு உணவாகும். செய்திக்கு வழியும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது, கணக்கும் ஒத்துவருகிறது. முன்னோர் சொன்னது என்பதால் ஒரு கருத்து உண்மையாகிவிடாது; பொய்யாகியும் விடாது.

அடுத்தது, 2014 ஏப்ரலில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. டென்னஸி மாநிலத்து மலைகளுக்குத் தென்னமெரிக்காவிலிருந்து வலசை வந்திருந்த, சுமார் 9 கிராம் எடையுள்ள பொன்சிறகுக் கதிர்க்குருவிகள் சில, வந்த சில நாள்களிலேயே திடீரென்று கிளம்பித் தெற்கே போய்விட்டன. ஓரிரு நாள்களில், 35 பேரின் உயிரைக் குடித்த சுழற்காற்றுத் தொகுதி அப்பகுதியைக் கடந்தது. புயல் போனபின் குருவிகள் திரும்பி வந்தன. வேறொரு ஆய்வுக்காக உடலில் பொருத்தப்பட்டிருந்த சிறு கருவிகள் இப்பயணத்தைப் பதிவு செய்திருந்தன. போய்த் திரும்பிய தொலைவு சுமார் 1500 கி.மீ.

அவை புறப்பட்டபோது புயல் 400 முதல் 900 கி.மீ. அப்பால் இருந்தது. அங்கிருந்த காற்றழுத்தத்திலோ வெப்பநிலையிலோ குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பிறகு செய்தி எப்படி வந்தது? ஆய்வாளர்கள் கருதும் வழி குற்றொலி. நம் செவி 20 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண்ணைக் கேட்காது. அதற்குக் கீழ்ப்பட்ட ஒலியே குற்றொலி. புறாக்கள் அதை உணர்கின்றன என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. பெரும் புயல்கள் குற்றொலியை எழுப்புகின்றன. காற்று ஒலியை உறிஞ்சும் அளவு, அதிர்வெண்ணின் இருமடியை ஒட்டி உயர்வது. எனவே தாழ்ந்த அதிர்வெண் ஒலி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்றாலும் அவ்வளவாகத் தேயாது. 900 கி.மீ. தொலைவைக் கடக்க ஒலிக்கு 45 நிமிடங்களுக்கும் குறைவான நேரமே தேவை. புயலுக்கோ ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். குருவி எதிர்காலத்தை அறியவில்லை. நமக்குக் கேளாத நிகழ்காலத்தைக் கேட்டது. கண்காணிக்கப்பட்டவை ஐந்தே பறவைகள் என்பதால் இம்முடிவு இன்னும் பல சோதனைகளைக் கடக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

வேறொரு வகைத் தொடர்பும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொண்டைக் குயில், வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டித் தோன்றுகிறது. பறவை மழையைக் கொண்டு வரவில்லை. மழை பறவையைக் கொண்டு வரவில்லை. கடலைக் கடக்கப் பறவைக்கு உதவும் அதே பருவக்காற்றுதான் மழைமேகங்களையும் கொண்டு வருகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

நாம் கவனிக்கத் தவறிய அறிகுறி

பிணந்தின்னிக் கழுகு வீட்டின்மேல் அமர்ந்தால் கேடு என்பது பழைய நம்பிக்கை. கழுகைக் கண்டு அஞ்சினோமே தவிர, கழுகுகள் குறைந்தபோது அஞ்சவில்லை. இராஜஸ்தானில் உள்ள பரத்பூர்ச் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற பறவையியல் அறிஞர் வெண்முதுகுக் கழுகின் கூடுகளை எண்ணிவந்தார். 1987–88இல் அங்கே 353 இணைகள் கூடு கட்டியிருந்தன. 1996–97இல் அந்த எண்ணிக்கை 150 ஆகக் குறைந்தது. சில ஆண்டுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. நாடு முழுவதும் இதே நிலைதான் என்று பிறகு தெரிந்தது. 1992க்கும் 2007க்கும் இடையே அவ்வினம் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோயிற்று.

காரணம் 2004இல்தான் தெளிவாயிற்று. மாடுகளுக்கு வலி தீர்க்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியே கழுகுக்குச் சென்று சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2006இல் கால்நடைகளுக்கான அம்மருந்தை இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் கழுகுகள் தின்று தீர்த்துவந்த மாட்டுப் பிணங்கள் வெட்டவெளியில் அழுகத் தொடங்கின, தெருநாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. கழுகுகள் மறைந்ததன் விளைவாக 2000 முதல் 2005 வரை சுமார் 5 இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று 2024இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு மதிப்பிடுகிறது. தென்னாட்டில் எஞ்சிய கழுகுகளுக்கு நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு இன்று முக்கியப் புகலிடமாக உள்ளது.

கழுகு வந்து அமர்ந்தது சாவின் அறிகுறி அன்று. அது வராமற்போனதே அறிகுறி. அந்த அறிகுறியைப் படித்தவர் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. குறிப்பேட்டில் பத்தாண்டுகளுக்கு முன் எழுதிவைத்த ஓர் எண்ணைப் புதிய எண்ணோடு ஒப்பிட்டார்.

நீங்களே எண்ணிப் பாருங்கள்

மாணவர்களே, இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். நான்கு கட்டங்கள் வரையுங்கள். தினமும் காலை 6 மணி முதல் 8 மணி வரை வீட்டருகே காகம் கரைந்ததா என்று குறியுங்கள். மாலையில், அன்று விருந்தாளி வந்தாரா என்று குறியுங்கள். காகம் கரைந்ததை விருந்தாளி வந்த பிறகு நினைவுபடுத்தி எழுதக் கூடாது. காலையிலேயே எழுதிவிட வேண்டும். “விருந்தாளி” யார் என்பதையும் முதல் நாளே வரையறுத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பால்காரரும் தபால்காரரும் விருந்தாளி ஆகிவிடுவார்கள்! வருகை முன்பே தெரிந்திருந்ததா, தெரியாமல் வந்தாரா என்பதைத் தனியே குறித்தால், அடுப்படியின் பங்கும் புலப்படும்.

ஒருவர் வீட்டில் ஒரு மாதம் எண்ணினால் விருந்தாளி வந்த நாள்கள் நாலைந்துதான் இருக்கும். அதைக் கொண்டு எதையும் முடிவு கட்ட இயலாது. வகுப்பில் 40 பேர் 30 நாள்கள் எண்ணினால் 1200 நாள்களின் கணக்கு கிடைக்கும். அனைத்தையும் கூட்டி, இரு சதவீதங்களையும் கண்டுபிடித்து, அறிவியல் கழகப் பலகையில் எழுதி வையுங்கள். விடை எதுவாயினும் அப்படியே எழுதுங்கள். அதே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், உங்கள் தெருவில் அன்று கண்ட பறவை வகைகளையும் எண்ணிக்கையையும் தேதியோடு எழுதி வரலாம். பத்தாண்டு கழித்து அந்த எண்கள் யாருக்கேனும் தேவைப்படும்.